தீக்குச்சி கிழிக்கும் முன்னால்

அடுத்தவர் வீட்டு அடுப்பை எரிய வைத்துவிட்டு, தன் வீட்டுக்கு வந்து ஆறின சோற்றைச் சாப்பிடுகிறவனுக்குப் பெயர் கேஸ் மெக்கானிக்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு கேஸ் ஏஜென்சியில் அந்த வேலைக்குச் சேர்ந்தேன். தொண்ணூறுகள் முடிகிறவரை அதே வேலைதான், அதே சைக்கிள்தான். கேரியரில் ஒரு பை. அதற்குள் ஸ்பேனர், பர்னர் குத்துகிற ஊசி, சோப்புத் துண்டு, புது ரப்பர் டியூப். கனெக்‌ஷன் கிடைத்த வீட்டுக்குப் போய் அடுப்பை மாட்டி, எப்படிப் பற்றவைப்பது, எப்படி அணைப்பது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். கோளாறு என்றால் மறுபடியும் போக வேண்டும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சுற்றுப்பட்ட கிராமங்கள் எல்லாம் என் தலையில்.

நீங்கள் வயரிங்காரரோ, குழாய் ரிப்பேர் பார்க்கிறவரோ, அடுத்தவர் வீட்டுக்குள் போய் வேலை பார்த்தவர் யாராக இருந்தாலும் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வருகிறவருக்கு ஒரு வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அடுப்படி வரை போனவனுக்குத்தான் தெரியும். சாமிக்கென்று தனி அறை இருந்த வீடுகளில்கூடப் பாதிச் சாமி அடுப்படியில்தான் இருந்தது. விறகடுப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டே பழகிய கைகள், நான் கொண்டுபோய் வைத்த பளபள அடுப்பின் முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் தயங்கி நின்றதை எத்தனையோ வீடுகளில் பார்த்தேன். அந்தத் தயக்கத்துக்கு நடுவே புகுந்து என் பிழைப்பு நடந்தது.

கோலத்துக்கு இடம்

ராஜபாளையத்தில் சுப்பம்மா என்று ஒரு அம்மா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அடுப்பு மாட்டிக் கொடுத்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, தீ மஞ்சளாக எரிகிறது, பாத்திரமெல்லாம் கரி பிடிக்கிறது என்று ஆள் விட்டார்கள். போனேன். "ரா நாயனா, உக்காரு" என்று மகனைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டு, முதலில் மோர் கொடுத்தார்கள். அந்த வீட்டில் மோர் குடிக்காமல் ஸ்பேனரைத் தொட முடியாது.

பர்னரைக் கழற்றிப் பார்த்தால் ஓட்டை எல்லாம் வெள்ளையாக அடைத்திருந்தது. விரலால் சுரண்டினேன். அரிசி மாவு. விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. மண்ணடுப்பு இருந்த காலத்தில் தினம் காலையில் அதை மெழுகி, ஈர மாவில் கோலம் போட்டு, ஒரு பூ வைத்துவிட்டுத்தான் தீ மூட்டுவார்களாம். புது அடுப்பிலும் அதையே செய்திருக்கிறார்கள். மண்ணடுப்பு மாவைக் குடித்துக்கொண்டது. இதற்கு மூச்சு முட்டிவிட்டது.

ஒவ்வொரு ஓட்டையாக ஊசியால் குத்தி எடுத்துக்கொண்டே, இனிமேல் அடுப்பின் மேல் கோலம் போடக் கூடாதம்மா என்றேன். சுப்பம்மாவின் முகம் வாடிவிட்டது. கோலம் போடாத அடுப்பில் சமைத்து வீட்டு ஆம்பிளைகளுக்குப் போட்டால் அவர்களுக்கு ஒரு குறை வந்துவிடுமோ என்று உண்மையாகவே பயந்தார்கள். கண் கலங்கிவிட்டது. நான் ஒன்றும் தோன்றாமல் அடுப்புக்கு முன்னால் இருந்த கடப்பைக் கல்லைக் காட்டி, இங்கே போட்டுக்கொள்ளலாமே என்றேன். அவர்கள் கல்லைப் பார்த்தார்கள், அடுப்பைப் பார்த்தார்கள். பிறகு ஒரு சின்னக் கோலத்தைக் கல்லில் இழுத்து, பூவை எடுத்து நடுவில் வைத்தார்கள். தீ நீலமாக எரிந்தது.

"சாமி அனுசரிச்சுப் போற ஆளுதான் நாயனா. இம்புட்டு நாளும் நடுவுல இருந்தாரு, இனிமே ஒரு சாண் தள்ளி உக்காந்துக்கிடுவாரு."

மாடி முருகன்

எங்கள் ஏஜென்சியில் சிலிண்டர் போடுகிறவர் முத்துக்கருப்பன். அவருக்குத் தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். சிலிண்டரைத் தூக்கும்போது "முருகா" என்று ஒரு குரல் கொடுப்பார். தெருமுனை வரை கேட்கும். அந்தக் குரல் கேட்டதும் பெண்கள் காலி சிலிண்டரை வாசலுக்கு உருட்டிவந்து விடுவார்கள். வேறு மணி, விசில் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

ஒரு நாள் அவரோடு ஒரு தெரு முழுக்கப் போக வேண்டியிருந்தது. அப்போதுதான் கவனித்தேன். சில வீடுகளில் முருகனைக் கூப்பிடுகிறார், சில வீடுகளில் வெறுமனே "ம்" என்று ஒரு முக்கல். கும்பிடுகிற மனிதர் இப்படி ஆளுக்கேற்ற மாதிரி பாரபட்சம் காட்டலாமா என்று மனதுக்குள் உறுத்தியது. மத்தியானம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டே விட்டேன். அவர் வடையைப் பிட்டுக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"மாடி வீட்டுக்குத்தானப்பா அவரு வேணும். கீழ் வீட்டுக்கு நானே போதும். சும்மா சும்மா கூப்பிட்டா, ஏற வேண்டிய நேரத்துல 'இவன் எப்பவும் இப்படித்தான்'னு வராம இருந்துட்டாருன்னா?"

உள்ளே வா

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோவிலை ஒட்டிய ஒரு தெருவில் ரங்கநாயகி மாமி வீடு. மாமியும் மாமாவும் மட்டும்தான். ரொம்ப ஆசாரம். பெருமாளுக்கு அமுது படைக்காமல் அந்த வீட்டில் ஒரு வாய் யாரும் சாப்பிட மாட்டார்கள். சமைக்கிற அறைக்குள் மாமியைத் தவிர யாரும் போகக் கூடாது. நான் அடுப்பை மாட்டப் போன அன்று நிலைப்படிக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். "நீ அங்கேர்ந்தே சொல்லு, நான் பண்றேன்" என்றார் மாமி. நான் ஸ்பேனரைத் தரையில் வைத்துத் தள்ளிவிட, அதன் மேல் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொண்டார். டியூபை எப்படி மாட்டுவது, ரெகுலேட்டரை எப்படித் திருப்புவது என்று வெளியில் நின்றபடி சொல்லிச் சொல்லி, ஒரு மணி நேரத்தில் மாமியே எல்லாம் செய்து முடித்தார். மனசுக்குச் சங்கடமாக இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் வேலை சுத்தமாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

கொஞ்ச காலம் பெருமாளுக்குக் கரியடுப்பிலும் மனிதர்களுக்கு கேஸிலும் சமையல் நடந்தது. ஐப்பசி மழையில் கரி நமுத்துப்போய், ஊதி ஊதி மாமிக்கு இருமல் வந்ததும் பெருமாளும் கேஸுக்கு மாறிவிட்டார். இதை மாமியே சிரித்துக்கொண்டு சொன்னார். அதற்குப் பிறகு ஒரு நாள் முற்பகலில் கூப்பிட்டார்கள். சிலிண்டர் மாற்றியிருக்கிறார்கள், ரெகுலேட்டர் உட்காரவில்லை. வழக்கம்போல வெளியில் நின்று சொன்னேன். மாமி அழுத்திப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. அதற்குக் கொஞ்சம் பலம் வேண்டும், மாமியின் கையில் அது இல்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. ஊஞ்சலில் மாமா. அவருக்குச் சர்க்கரை வியாதி. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், ஆனால் பெருமாளுக்கு முன்னால் சாப்பிட மாட்டார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கையில் இருந்த பேப்பரை அவர் படிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடட்டுமா மாமி என்றேன்.

மாமி பெருமாள் இருந்த பக்கம் பார்த்தார். ஊஞ்சலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "கெணத்தடியில காலை அலம்பிண்டு உள்ள வா" என்றார். நான் தயங்கினேன். "வாடாப்பா, நாழியாறது" என்றார். போனேன். இரண்டு நிமிஷ வேலை. அடுப்பு எரிந்தது, மாமி உலை வைத்தார். நான் வெளியே வரும்போது ஊஞ்சலிலிருந்து மாமா, "ரங்கம், என்ன இது?" என்று மெல்லக் கேட்டார். மாமி உள்ளேயிருந்து குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"பெருமாள் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க கேக்காதேள், சாதம் ஆனதும் சாப்பிடுங்கோ."

பால் காத்திருந்தது

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிற வெங்கடசாமி அண்ணாச்சிக்கு, இனிமேல் விறகுப் புகையில் நிற்கக் கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் கடைகளுக்கென்று கொடுக்கிற பெரிய சிலிண்டரும் பெரிய அடுப்பும் வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து புகார்தான். அடுப்பில் ஏதோ கோளாறு, வந்து பார் என்று ஆள் மேல் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் தீ அழகாக, சீராக எரிந்தது. டியூப் சரி, பர்னர் சரி. என்ன கோளாறு என்று கேட்டால், "செத்த நேரம் நில்லுங்க, நீங்களே பாப்பீய" என்றார்.

நின்றேன். பாலை ஊற்றினார். துடுப்பைப் போட்டுக் கிண்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் வாய்க்குள்ளே பெருமாள் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பால் சுண்டி வந்தது, சர்க்கரை போட்டார், இன்னும் கிண்டினார். திடீரென்று துடுப்பை எடுத்துவிட்டார். அடி பிடிக்கிற பக்குவம். அவருடைய முகத்தில் ஒரு தவிப்பு. விறகில் கிண்டிய காலத்தில் பேரெல்லாம் சொல்லி முடிக்கவும் பால் திரளவும் சரியாக இருக்குமாம். அப்பா காலத்திலிருந்து அதுதான் பழக்கமாம். இப்போது பாதிப் பேரில் பால் திரண்டுவிடுகிறது. மீதிப் பேரை வெறும் சட்டியைப் பார்த்துச் சொல்ல மனசு வரவில்லையாம். தினமும் சாமியைப் பாதியில் விட்டுவிட்டு வருகிற மாதிரி இருக்கிறது என்றார். ஒரு பெரிய மனிதர் இதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டால் மெக்கானிக் என்ன செய்வான்?

அடுப்பின் திருகைத் திருப்பித் தீயைக் குறைத்து வைத்தேன். மறுபடியும் ஒரு சட்டி பால் ஏற்றினார். இன்னும் குறை என்றார், குறைத்தேன். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, அவர் கடைசிப் பேரைச் சொல்லவும் பால் துடுப்பை விட்டு ஒட்டாமல் திரளவும் ஒன்றாக வந்தது. அந்தத் திருகு நின்ற இடத்தில் குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்தார். எனக்கு இலையில் சூடாக ஒரு கரண்டி வைத்துக் கொடுத்தார். வியாபாரத்துக்கு இது தாமதமில்லையா அண்ணாச்சி, வாசலில் ஆள் நிற்கிறார்களே என்றேன்.

"நிக்கட்டும் தம்பி. அவிய வீட்டுக்குப் போய்த் திங்கிறது பாலு மட்டுமா? நான் சொன்னதும் சேத்துத்தான."

சோழபுரத்து ஜன்னல்

சோழபுரத்தில் பேச்சியம்மா என்கிற அம்மாவுக்கு அவர் மகன் கணேசன் அடுப்பு வாங்கிக் கொடுத்தான். அவனுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. அம்மா நாளெல்லாம் காட்டு வேலை செய்கிறவர், பாம்புக்குப் பயப்படாதவர். ஆனால் சிலிண்டரைக் கண்டால் பத்தடி தள்ளி நின்றார். நான் சொல்லிக்கொடுத்தது எல்லோருக்கும் சொல்வதுதான். காலையில் கதவையும் ஜன்னலையும் திற. செத்த நேரம் பொறு. வாடை ஏதும் வருகிறதா பார். பொறவு தீக்குச்சியைக் கிழி, அதுக்குப் பொறவு திருகைத் திருப்பு. அந்த அம்மாவுக்கு இந்த வரிசை நிற்கவே இல்லை. திருகை முதலில் திருப்பிவிட்டுத் தீப்பெட்டியைத் தேடுவார். மருமகள் செல்வி அதைப் பார்த்துச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஒவ்வொரு தடவையும் கையை நீட்டித் திருகை மூடினேன். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அடுப்படி ஜன்னல் கிழக்குப் பக்கம். கதவைத் திறந்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, அங்கேயே நின்று கையெடுத்துத் தன் குலசாமியை வேண்டிக்கொள்வது. வேண்டி முடித்துத் திரும்பினால் அடுப்பு. இப்படி வைத்துக்கொண்டதும் ஒரு நாளும் வரிசை தப்பவில்லை. ஆனால் அந்த வேண்டுதல் நீளமானது. பேரன், ஆடு மாடு, மழை, கணேசன் ஓட்டுகிற சைக்கிள் என்று எல்லாம் அதில் வரும். பேரனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டிய அவசரத்தில் செல்வி பின்னால் நின்று பல்லைக் கடிப்பாளாம்.

ஒரு நாள் காலையில் நாங்கள் ஏஜென்சியைத் திறக்கும்போதே கணேசன் சைக்கிளோடு நின்றான். மூச்சு வாங்கியது. "அண்ணே, உடனே வாங்க" என்றான். போனால் வீட்டார் எல்லோரும் தெருவில் நின்றார்கள். செல்வி மகனை இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய்ப் பார்த்தேன். டியூபை எலி கடித்திருந்தது. முந்தின நாள் இரவு ரெகுலேட்டரை மூட மறந்திருக்கிறார்கள்.

நடந்ததைச் செல்விதான் சொன்னாள். அன்றைக்கு நேரமாகிவிட்டதால் அவளே பால் காய்ச்சப் போய்த் தீப்பெட்டியைக் கையில் எடுத்திருக்கிறாள். அவளுக்கு ஜலதோஷம், வாடை எதுவும் தெரியவில்லை. பேச்சியம்மா வந்து, "ஏட்டி, இரு, நான் கும்பிட்டுக்கிடுதேன்" என்று தடுத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் வாக்குவாதம். "இன்னைக்கு ஒரு நாள் விடுங்க அத்தே" என்று இவள் குச்சியை எடுத்துவிட்டாள். பேச்சியம்மா அந்தக் கையைப் பிடித்து, தீப்பெட்டியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, ஜன்னல் பக்கம் போய்த் திறந்து நின்றிருக்கிறார். கண்ணை மூடி, வேண்டுதலுக்காக மூச்சை உள்ளே இழுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். திரும்பி வந்து, சத்தம் போடாமல், இன்னும் எழுப்பாமல் விட்டிருந்த பேரனைப் பாயோடு வாரிக்கொண்டு, "வெளிய வாட்டி" என்று செல்வியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். பிறகுதான் கணேசன் உள்ளே போய் ரெகுலேட்டரை மூடியிருக்கிறான்.

நான் டியூபை மாற்றி, சோப்பு நுரை போட்டுப் பார்த்து, எல்லாம் சரியென்று சொன்னேன். யாரும் உள்ளே வரவில்லை. கடைசியில் பேச்சியம்மாதான் வந்தார். விட்ட இடத்திலிருந்து தொடர்கிற மாதிரி ஜன்னலண்டை போய்க் கையெடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து செல்வி வந்து, அவருக்குப் பக்கத்தில் நின்றாள். மாமியார் கண்ணைத் திறந்து பார்த்து, என்னட்டி என்றார். செல்வி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"ஒண்ணுமில்ல அத்தே. நீங்க எம்புட்டு நேரம் நின்னாலும் நில்லுங்க, நானும் கூட நிக்கேன்."

வாயில் வந்த பேர்

அதற்குப் பிறகு நான் பாடம் எடுக்கிற விதம் மாறிவிட்டது. ஜன்னலைத் திறந்து செத்த நேரம் பொறுங்கள் என்று சொன்னால் யாரும் பொறுப்பதில்லை. திறந்து நின்று உங்கள் சாமியைக் கும்பிட்டுவிட்டுப் பற்றவையுங்கள் என்றால் எல்லோரும் நின்றார்கள். பள்ளிவாசல் தெருவிலும் நின்றார்கள், சர்ச் தெருவிலும் நின்றார்கள். ஒருவர் மட்டும் மாட்டிக்கொண்டார். சண்முகம் சார். மில்லில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர், கருப்புச் சட்டைக்காரர். சாமி என்ற வார்த்தையே அவருக்கு ஆகாது. மனைவி பொன்னுத்தாய் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கோவில்பட்டியில் இருந்த மகள் தன்னோடு வந்துவிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தினாள். சமைக்கக் கற்றுக்கொண்டால் இந்த வீட்டிலேயே இருக்கலாம், இல்லையென்றால் கிளம்பித்தான் ஆக வேண்டும். மனைவி இருந்தவரை அடுப்படிக்குள் வராத மனிதர், அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லித் தரும்படி எனக்கு ஆள் விட்டிருந்தார்.

நான் பழக்க தோஷத்தில், "ஜன்னலைத் திறந்து சாமி கும்பிட்டுட்டு" என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கும்பிடாதவன் என்ன செய்யணும்?" என்றார். சும்மா நின்றாலும் போதும் சார், மூக்குக்கு ஒரு நிமிஷம் கொடுத்தால் சரி என்றேன். "அப்படிச் சொல்லு, அது நியாயம்" என்றார். சோறு வடிப்பதையும் ரசம் வைப்பதையும் எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். அடுப்படி அலமாரியில் அந்த அம்மா வைத்திருந்த சாமி படங்கள் அப்படியே இருந்தன. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "அவ சாமான்" என்று மட்டும் சொன்னார். படங்களில் தூசி இல்லை.

அடுத்த முறை சர்வீஸுக்குப் போனபோது மழைக்காலம் வந்திருந்தது. வீடு காலி செய்யவில்லை, கோவில்பட்டிக்குப் போகவில்லை. எனக்கு டீ போடுகிறேன் என்று உள்ளே போனார். கதவைத் திறந்தார், ஜன்னலைத் திறந்தார், நின்றார். முதுகைத்தான் பார்த்தேன். ஆனால் கன்னம் அசைந்தது, ஏதோ முணுமுணுத்தார். அப்புறம் குச்சியைக் கிழித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கருப்புச் சட்டையும் கும்பிட ஆரம்பித்துவிட்டதா என்று நினைத்துக்கொண்டேன், முகத்திலும் தெரிந்திருக்க வேண்டும். அவர் திரும்பி, கோபப்படாமல், டீத்தூளை அளந்து போட்டுக்கொண்டே சொன்னார். அதைக் கேட்டதும் என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. டீயில் சர்க்கரை போட மறந்திருந்தார், நானும் சொல்லாமல் குடித்துவிட்டு வந்தேன்.

"நீ நினைக்கிற மாதிரி இல்லப்பா. சும்மா நிக்கணும்னு சொன்ன, நின்னேன். நின்னா வாயில 'பொன்னு'ன்னுதான் வருது. முப்பது வருசமா இங்ஙன நின்னு எனக்குச் சோறு பொங்கினவ அவதான, வேற யாரு பேரைச் சொல்லுவேன்?"

இத்தனை வீட்டு அடுப்படிகளில் இத்தனை விதமான வேண்டுதலைக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: சம்பந்தி வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருக்க, பாதிச் சமையலில் சிலிண்டர் தீர்ந்துபோன வீட்டில் கேட்கிற சாமி பேருக்கு இருக்கிற உருக்கம் எந்தக் கோவிலிலும் கிடையாது.